புது ஸ்ட்ரைக்கருக்கு முட்டி எப்படி?

சென்னையின் எஃப்சி கால்பந்து கிளப் ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை எடுத்துவிட்டது என்று தகவல் வந்தால், அவர் எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று எங்களில் யாரும் முதலில் கேட்பதில்லை. எந்த வருடம் பிறந்தவர் என்றுதான் கேட்போம். வருடம் கிடைத்த கையோடு கழித்தல் கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் தேறாதவன்கூட இந்தக் கணக்கை மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவான். விடை 30-க்குக் கீழே வந்தால், "இந்த வயசுல இங்க ஏன் வர்றான்? ஏதோ கோளாறு இருக்கு." மேலே வந்தால், "பென்ஷன் வாங்க வர்றான்." சரியாக 30 என்று வந்தால், வயதைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்போம். எந்த வயதில் வந்தாலும் வந்தவருக்கு மன்னிப்புக் கிடையாது.

வரன் பார்க்கிற வீடுகளில் இவ்வளவு குடைய மாட்டார்கள். போன கிளப்பை விட்டு ஏன் வந்தான்? நடுவில் எட்டு மாதம் எந்த டீமிலும் இல்லையே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்? முட்டியில் ஆபரேஷன் நடந்ததை மறைக்கிறார்களா? சைப்ரஸில் ஆடினான் என்கிறார்களே, அது நல்ல இடமா, சுமாரான இடமா? ஒரே வித்தியாசம், இங்கே முகூர்த்தம் முடிந்த பிறகுதான் விசாரணையே ஆரம்பிக்கும். கையெழுத்துப் போட்டாயிற்று, விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நாங்கள் வேண்டாம் என்றால் நிறுத்தவா போகிறார்கள்?

இந்த விசாரணைக் கமிஷன் கூடுகிற இடம் பெரியமேடு. நேரு ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அண்ணன் ஒருவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். வியாசர்பாடிக்காரர். ஒரு காலத்தில் சென்னை சீனியர் டிவிஷனில் ஃபார்வேர்டாக ஆடியவர். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. அதனாலேயே உலகத்தில் எந்த ஆட்டக்காரரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அவர் முட்டியிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

ஸ்டட்ஸ் பெட்டிகளுக்கும் கேரம் போர்டுகளுக்கும் நடுவே மூன்று பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஒன்றில் நான். இன்னொன்றில் என் சித்தப்பா, ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1993-இல் நேரு கோப்பை சென்னையில் நடந்தபோது வட கொரியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதை நேரில் பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வருகிற யாரும் நன்றாகத்தான் ஆடுவார்கள் என்பது அன்றிலிருந்து அவர் கட்சி. மூன்றாவது ஸ்டூலில் என் மைத்துனன், வயது 23. அவன் கணக்கில் 27 தாண்டினாலே சீனியர் சிட்டிசன். எதற்கெடுத்தாலும் போனைத் திறந்து புள்ளிவிவரம் சொல்வான். "ஆட்டத்துக்கு 0.4 எக்ஸ்ஜி, அதான் எதிர்பார்க்கிற கோல், வருது மாமா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். சித்தப்பா இடைமறித்தார். "புள்ளி நாலு கோலை ஸ்கோர்போர்டுல எப்படிடா போடுவாங்க?"

கிளப் வெளியிடும் அறிமுக வீடியோவுக்கு என்று ஒரு இலக்கணம் இருக்கிறது. இருட்டு. பறைச் சத்தம். முகம் தெரியாமல் ஒருவர் ஷூ லேஸ் கட்டுவார். மெரினா, சென்ட்ரல் ஸ்டேஷன், ஆட்டோ, பில்டர் காபி நுரை எல்லாம் ஒரு நொடிக்கு ஒன்றாக வந்து போகும். கடைசியில் நீல ஜெர்சியைப் பிடித்தபடி ஒரு தாடிக்காரர், "வனாக்கம் சென்னாய்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் சித்தப்பா விழுந்துவிடுவார். "பாத்தியா, மரியாதை தெரிஞ்ச பையன்" என்பார். பையனுக்குத் தலையில் நரை.

அடுத்தது யூடியூப். வந்தவரின் பழைய கோல்களையெல்லாம் தொகுத்து, காதைக் கிழிக்கிற இசை போட்டு, யாரோ ஒரு புண்ணியவான் ஏற்றி வைத்திருப்பான். இதை அண்ணன் பார்க்கிற விதமே தனி. நாங்கள் பந்தைப் பார்ப்போம், அவர் பந்தைத் தவிர மற்றதையெல்லாம் பார்ப்பார். முதல் கோலை நிறுத்தச் சொன்னார். "கீப்பரைப் பாரு. ட்ராக் பேன்ட் போட்டிருக்கான். ட்ராக் பேன்ட் போட்ட கீப்பர்கிட்ட அடிச்சதெல்லாம் கணக்குல வராது." இரண்டாவது கோலில் தரையெல்லாம் பனி, பந்து ஆரஞ்சு நிறம். "பனியில டிஃபெண்டர் வழுக்கி விழுந்துட்டான். நம்மூர்ல அக்டோபர் மாசம் சேத்துலதான் வழுக்குவான், அப்போ இவனும் சேர்ந்து வழுக்குவான்." அதற்குப் பிறகு வரிசையாகப் பெனால்டி. ஆறு நிமிட வீடியோவில் அந்த ஸ்ட்ரைக்கர் ஓடியது மொத்தமாக ஒரு பஸ் நீளம் இருக்கும். "சரி, நிக்கத் தெரிஞ்சவன்" என்றார் அண்ணன். அது திட்டா பாராட்டா என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை.

இந்த வியாதி 2014-இல் வந்தது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கிய வருடம். எட்டு அணிகள், இரண்டரை மாத சீசன். ஊர் ஊருக்கு ஒரு பெரிய பெயர் வேண்டும் என்று தேடியதில், பெயர் பெரிதாக இருந்தவர்களுக்கெல்லாம் வயதும் பெரிதாக இருந்தது. டெல்லிக்கு அலெசாண்ட்ரோ டெல் பியரோ. வரும்போது 39, சீசன் நடுவிலேயே 40-ஆவது பிறந்தநாள். புனேக்கு டேவிட் ட்ரெசெகே, 37. கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ். கேரளாவுக்கு கோல்கீப்பரும் மேனேஜருமாக டேவிட் ஜேம்ஸ், 44. எங்களுக்கு மார்கோ மாட்டராஸி, 41. பயிற்சியாளர் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். ஆனால் அவ்வப்போது பனியனை மாற்றிக்கொண்டு தானே மைதானத்தில் இறங்கிவிடுவார். சீசன் முடிகிற நேரத்தில் துணைக்கு அலெசாண்ட்ரோ நெஸ்டாவையும் வரவழைத்துக்கொண்டார்.

2006 ஜூலை மாதத்து பெர்லினைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உலகக் கோப்பை இறுதி. இத்தாலிக்கு கோல் போட்டவர் மாட்டராஸி. ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கியவரும் அவரே. பெனால்டி ஷூட்-அவுட்டில் இத்தாலிக்குப் பந்தை வலைக்குள் அனுப்பியவர்களில் டெல் பியரோ ஒருவர். பிரான்சுக்காக அடித்துக் குறுக்குக் கம்பத்தில் விட்டவர் ட்ரெசெகே. எட்டு வருடம் கழித்து முட்டு வாங்கியவர் சென்னையில், பெனால்டி போட்டவர் டெல்லியில், விட்டவர் புனேயில். "அந்த மொட்டை ஒருத்தன் வந்துட்டா ஃபைனலை மறுபடியும் நடத்திடலாம்" என்று சித்தப்பா சீசன் முழுக்கக் காத்திருந்தார். ஜிடான் வரவில்லை.

டெல் பியரோ மொத்தமாக அடித்தது ஒரே கோல். ட்ரெசெகே இரண்டு. உலகத்தையே ஆட்டி வைத்த இரண்டு கால்களுக்கு அது எவ்வளவு சின்னக் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் ரசிகனின் கணக்கு வேறு. டெல் பியரோ டெல்லிக்கு வருகிறார் என்ற செய்தி வந்த அன்று இரவு, எங்கள் தலைக்குள் அவர் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு யாரிடமும் பதிவு இல்லை. எதிரணிக்காரர்களான எங்களுக்கே அப்படி என்றால் டெல்லிக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், மூத்த ஸ்ட்ரைக்கர் ஒருவர் ஒரு கிளப்புக்கு ஆடுகிற மிகச் சிறந்த ஆட்டம், அவர் ஒப்பந்தமாகிற நாளுக்கும் முதல் விசிலுக்கும் இடையே நடப்பதுதான். அதில் ஆஃப்சைடு இல்லை, மூச்சு வாங்குவது இல்லை, தசைப்பிடிப்பு இல்லை. டிக்கெட்டும் இல்லை.

எங்களுக்கு அந்த வருடம் யோகம். எலானோ வந்தார். பிரேசில் நாட்டுக்காரர், 33 வயது, ஸ்ட்ரைக்கரே கிடையாது, நடுக்களத்தில் ஆடுகிறவர். "மிட்ஃபீல்டரை வெச்சு நாம என்ன பண்றது?" என்று கடையில் ஒப்பாரி. அந்த மனிதர் 8 கோல் அடித்து, கோல்டன் பூட்டையே வாங்கிக்கொண்டு போனார். ஃப்ரீ கிக்குக்குப் பந்தைக் குனிந்து வைப்பார் பாருங்கள், அப்போதே ஸ்டாண்டில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். ஒப்பாரி வைத்தது யார் என்று பிறகு விசாரித்தபோது கடையில் அப்படி யாருமே இருந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து ஊருக்காரனுக்குப் பெரிய ஸ்ட்ரைக்கர் கிடைப்பதைப் போன்ற வயிற்றெரிச்சல் வேறெதுவும் இல்லை. 2017-இல் டிமிடார் பெர்பட்டோவைக் கேரளா பிளாஸ்டர்ஸ் எடுத்தது. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 2010-11 சீசனில் 20 கோல் போட்டு, பிரீமியர் லீக்கில் டெவெஸோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். எங்கள் அலுவலகத்தில் ஒரு திருச்சூர்க்காரர் இருக்கிறார், பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்சப்படையில் ஐக்கியமானவர். அன்றைக்கு அவர் மேசை மேசையாக நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுவந்து வைத்தார். வாயில் போட்டுக்கொண்டே, "36 வயசு ஆச்சே, ஓடுவாரா?" என்று கேட்டேன். "பெர்பா ஓட வேண்டாம் சாரே. பந்து அவர்கிட்ட வரும்" என்றார். உண்மையில் பெர்பட்டோவ் இளமையிலேயே ஓடாதவர். சிகரெட் பிடித்துக்கொண்டே ஆடுகிறாரோ என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு சோம்பேறி அழகு அவர் ஆட்டத்தில் உண்டு. ஆகவே வாதத்தில் ஓட்டை இல்லை.

பந்துதான் வரவில்லை. சீசன் முழுவதற்கும் ஒரே கோல். இடையில் பயிற்சியாளர் மாறி டேவிட் ஜேம்ஸ் வந்தார். சீசன் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது பெர்பட்டோவ் இன்ஸ்டாகிராமில் பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். ஸ்ட்ரைக்கரின் மார்புக்குப் பந்தைத் தூக்கிப் போடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் யோசனை என்றால் யார் ஆட முடியும் என்பது அவருடைய புலம்பலின் சாரம். பெரியமேட்டில் இதைப் படித்துக் காட்டினேன். அண்ணனுக்கு ஒரு அதிர்ச்சியும் இல்லை. "மாருக்குப் போடச் சொன்னாரா? நல்ல கோச்சுப்பா. எங்க காலத்துல எங்க வேணா அடிங்கடா, எங்கிட்ட மட்டும் கேக்காதீங்கன்னு சொல்லுவாங்க."

சிப்ஸ் கொடுத்தவரிடம் மறுநாள் ஆறுதல் சொல்லப் போனேன். அவர் தயாராக இருந்தார். "36-ல எல்லாம் கஷ்டம்தான் சாரே" என்றார், ஏதோ நான்தான் ஒப்பந்தம் போட்ட மாதிரி. அதற்கு முந்தைய சீசனில்தான் டியகோ ஃபோர்லான் 37 வயதில் மும்பைக்கு ஆடி, அதே கேரளாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து, ஆட்டம் 5-0 என்று முடிந்திருந்தது. அதை ஞாபகப்படுத்தலாமா என்று நினைத்தேன். சிப்ஸ் தின்ற வாய், சும்மா இருந்துவிட்டேன்.

வயதை வைத்து நாங்கள் கட்டியிருந்த சித்தாந்தத்தையெல்லாம் தரைமட்டமாக்கியவர் பார்தலோமியு ஓக்பெச்சே. நைஜீரியாக்காரர், சிறு வயதில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னில் ஆடியவர். 2018-இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டுக்கு வந்தபோது 33 முடிகிற சமயம். அந்த சீசனில் 12 கோல். அடுத்த வருடம் கேரளாவில் 15. மும்பையில் 8, அத்தோடு கோப்பை. ஆட்டம் முடிந்தது என்று நாங்கள் எழுதி மூடினோம். ஹைதராபாத்துக்குப் போய் 37 வயதில் 18 கோல் அடித்தார், கோல்டன் பூட்டும் அவருக்கே, கோப்பையும் ஹைதராபாத்துக்கே. பிறகு இன்னொரு சீசனில் 10. ஐந்து சீசனில் 63 கோல்.

வயது ஏற ஏற கோலும் ஏறுகிற ஆளைப் பார்த்தால் மனிதன் திருந்த வேண்டும். நாங்கள் இன்னும் கெட்டோம். அதற்கு முன்பு 35 வயதில் ஒருவர் வந்தால் "கிழவன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். இப்போது "ஓக்பெச்சே மட்டும்?" என்று சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். ஓட முடியாதவர், உட்கார்ந்தால் எழ முடியாதவர், போன வருடம் ஒரு கோலும் அடிக்காதவர், யாராக இருந்தாலும் அவருக்கு ஓக்பெச்சே ஜாமீன். ஐஎஸ்எல் கிளப்புகளில் பாதியைச் சுற்றி வந்த அந்த மனிதர் எங்கள் கிளப்பில் மட்டும் கால் வைக்கவில்லை. எங்களுக்கு வந்தவர்கள் ஓக்பெச்சே ஆகக்கூடியவர்கள் மட்டுமே.

ஆனாலும் 2019-ஐ விட்டுவிட்டுப் பேசினால் பாவம். அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூட அடிக்கவில்லை. லித்துவேனியாவிலிருந்து நெரியுஸ் வால்ஸ்கிஸ், 32. மால்டாவிலிருந்து ஆந்த்ரே ஷெம்ப்ரி, 33. "ரெண்டு பேரும் டூரிஸ்ட் விசாவுல வந்திருக்காங்க" என்று மைத்துனன் தீர்ப்பு எழுதிவிட்டான். நவம்பர் 25 அன்று ஐந்தாவது ஆட்டம், நேரு ஸ்டேடியத்தில், ஹைதராபாத்தோடு. 90 நிமிடம் முடிந்தும் 0-0. ஸ்டாண்டில் கைதட்டல் நின்று கொட்டாவி ஆரம்பித்திருந்தது. கூட்டம் கிளம்புவதற்குள் பைக்கை வெளியே எடுத்துவிடலாம் என்று மைத்துனன் எழுந்து போனான். போகிற போக்கில் வால்ஸ்கிஸைப் பார்த்து ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனான், அதை இங்கே எழுத முடியாது.

இன்ஜுரி டைம். ஷெம்ப்ரி கோல்! நான்கு ஆட்டங்களாகத் தொண்டையில் அடைத்திருந்ததெல்லாம் ஒரே கத்தலாக வெளியே வந்தது. முன்வரிசைக்காரர் கையிலிருந்த பாப்கார்ன் எங்கள் தலையில் மழையாகப் பெய்தது. சித்தப்பா யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டிப்பிடித்தலை அவிழ்ப்பதற்குள் ஹைதராபாத்தின் கில்காலன் கோல் போட்டு 1-1 ஆக்கிவிட்டார். சித்தப்பா அந்த ஆளை விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விசிலுக்கு இன்னும் சில நொடிகள்தான் இருக்கும். வால்ஸ்கிஸ் அடித்தார். 2-1. மறுபடி அதே ஆளைக் கட்டிப்பிடித்தார் சித்தப்பா. மூன்று கோலும் இன்ஜுரி டைமில். பைக்கோடு வெளியே நின்ற மைத்துனன் மூன்று சத்தம் கேட்டதாகவும், மூன்றுமே எங்களுக்கு விழுந்த கோல் என்று நினைத்ததாகவும் சொன்னான்.

அடுத்த சில நாட்களில் பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகினார், ஓவன் காயில் வந்தார். அதல பாதாளத்தில் கிடந்த அணி இறுதிப் போட்டி வரை ஏறியது. 2020 மார்ச் 14, ஃபதோர்டா. கொரோனா பயத்தில் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். எங்கள் ஒரு கோல் வால்ஸ்கிஸுடையது. சீசனில் 15 கோல், கோல்டன் பூட். "டூரிஸ்ட்" என்ற சொல்லை அதன் பிறகு மைத்துனன் ஊட்டிக்குப் போகிறவர்களைப் பற்றிக்கூடப் பயன்படுத்துவதில்லை. வால்ஸ்கிஸ் அடுத்த வருடமே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். பின்னால் 2022 ஜனவரியில் திரும்பி வந்தார், பழைய கணக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அவர் எங்களை விட்டுப் போன சீசனில் 20 ஆட்டங்களில் 11 டிரா செய்தோம். கோல் அடிக்க ஆள் இல்லாத வீட்டில் இருபது ஆட்டம் குடியிருந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணிக்கையின் அருமை தெரியும்.

அண்ணனுக்கு இதில் வேறொரு வருத்தம் உண்டு, அது நியாயமானதும்கூட. 2014-இல் ஒரு அணியில் ஆறு வெளிநாட்டவர் களமிறங்கலாம். பிறகு ஐந்தாகி, இப்போது நான்கு. நான்கு இடம்தான் என்றால் ஒன்றை எல்லாக் கிளப்பும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்ட்ரைக்கருக்குத்தான் கொடுக்கும். "நம்ம பசங்களை விங்குல ஓட விட்டுடுறாங்க. ஓடி ஓடி கிராஸ் போடுறது இவன், நின்ன இடத்துல தலையை நீட்டுறது அவன்" என்பார். எங்களுக்கு ஜெஜெ லால்பெக்லுவா கிடைத்தது அதிர்ஷ்டம். 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வென்றபோது இரண்டு கோல் மிசோரம்காரரான அவருடையது, மூன்றாவது வியாசர்பாடியின் தன்பால் கணேஷுடையது. அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணன் வியாபாரத்தை மறந்துவிடுவார். ஒருமுறை ஷட்டில்காக் டஜன் விலையில் ஒரு கேரம் போர்டே கைமாறிப் போனது. நந்தகுமார் சேகரும் சென்னைப் பையன்தான். 2023 டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு வெற்றி கோல் போட்டுக் கொல்கத்தாவில் பாதி ஊரைத் தூங்கவிடாமல் செய்தவர். "நம்ம பையன் அங்க அடிக்கிறான், அவங்க விட்ட ஆள் இங்க வர்றான்" என்பார் அண்ணன்.

தேசிய அணியின் கதையும் இதேதான். ஸ்ட்ரைக்கர் என்று திரும்பிப் பார்த்தால் சுனில் சேத்ரி. 2024 ஜூனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார், நாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். 2025 மார்ச்சில் மறுபடி கூப்பிட்டார்கள். வந்து, மாலத்தீவுக்கு எதிராக 40 வயதில் கோலும் போட்டார். அவர் பிறந்தது 1984 ஆகஸ்டில், ஓக்பெச்சே அதே வருடம் அக்டோபரில். அதாவது உள்ளூர்க் கிழவருக்குத்தான் இரண்டு மாதம் அதிகம். ஆனால் சேத்ரியின் வயதைப் பற்றிக் கடையில் யாரும் கழித்தல் கணக்குப் போட்டதில்லை.

2024 கோடையில் இரண்டு பேரை எடுத்தோம். நைஜீரியாவின் டேனியல் சிமா சுக்வு, கொலம்பியாவின் வில்மார் ஜோர்டான் கில். இருவருக்கும் 33. "சேர்த்தா 66. ஒரே டிக்கெட்டுல ரெண்டு சீனியர் கன்செஷன்" என்றான் மைத்துனன். சுக்வுவை ஈஸ்ட் பெங்கால் ஒருமுறை பாதி சீசனிலேயே விட்டுவிட, காயிலின் ஜாம்ஷெட்பூர் எடுத்து, அந்த சீசன் லீக் ஷீல்டையே ஜெயித்த கதை சித்தப்பாவுக்குத் தெரியும். "பொறுடா" என்றார். முதல் ஆட்டம் புவனேஸ்வரில், ஒடிசாவோடு. 3-2 என்று ஜெயித்தோம், ஒரு கோல் சுக்வு. 66 என்ற எண்ணை மைத்துனன் அன்றிரவே வாபஸ் வாங்கினான். சீசன் முடிவில் 13 அணிகளில் 11-ஆவது இடம். எண்ணை மறுபடி எடுத்துக்கொண்டான்.

பிறகு 2025 ஜூலை வந்தது. கிளப்புகள் ஆள் எடுக்கிற மாதம். லீக்கை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, அடுத்த சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு. பறைச் சத்தம் இல்லை, ஷூ லேஸ் இல்லை, வனாக்கம் சென்னாய் இல்லை. கேலி செய்ய ஒரு கிழவர்கூட இல்லாமல் மூன்று ஸ்டூல்களும் காய்ந்தன. ஆட்டம் இல்லாததைக்கூடத் தாங்கிக்கொண்டோம், தோற்பது மிச்சம்தானே. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது.

சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார். "அந்த டெல் பியரோவுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

மைத்துனன் போனைப் பார்த்தான். "50."

"ஃப்ரீ கிக் மட்டும் அடிச்சா போதும். ஓட வேணாம்."

நான் சிரித்தேன். மைத்துனன் சிரிக்கவில்லை. 0.4, 0.6 என்று ஏதோ கணக்குப் போட ஆரம்பித்திருந்தான். அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு ஸ்டட்ஸ் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "மாட்டராஸிகிட்டயும் கேட்டுப் பாருங்க" என்றார். "ஏற்கெனவே ஊர் பழகினவர். டிஃபென்ஸுக்கு ஆவாரு."

"பெனால்டிக்கு?" என்றார் சித்தப்பா.

பெனால்டிக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், ட்ரெசெகே மட்டும் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று.